மேற்கு மாம்பலம் மொட்டைமாடி: மார்கழி, தை நிகழ்ச்சிகள் (மைக் வேணுமா, வேணாமா?)

மாம்பலம்காரன்:
வணக்கம் மக்களே. நம்ம மொட்டைமாடி எடம் வந்தவங்களுக்கு தெரியும், வராதவங்களுக்காக சொல்றேன், மூணாவது மாடி, மேல தகர ஷீட்டு, மூணு பக்கம் தொறந்து கெடக்கும், நாலாவது பக்கம் தண்ணி டேங்க் சுவரு, நெருக்கி போட்டா அறுவது நாற்காலி, முன்னாடி ஜமக்காளம் விரிச்சா இன்னும் பத்து பதினஞ்சு பேரு. வர்ற மார்கழி தைக்கு என்னல்லாம் வைக்கலாம்னு ஓரளவு பேசி வச்சிருக்கோம், இங்க போட்டு ஒரு வாட்டி கேட்டுட்டு நோட்டீஸ் அடிக்கலாம்னு.

டிசம்பர் 11 பாரதி பொறந்தநாள், அன்னிக்கு சாயங்காலம் கவிதை வாசிப்பு, நடுநடுவுல பாட்டு. மார்கழி பொறந்து வர்ற மொத சனிக்கிழமை வீணை, கூட மிருதங்கம் மட்டும். அதுக்கடுத்த சனி சிறுகதை வாசிப்பு, ரெண்டே கதை, படிச்சு முடிச்சதும் பேச்சு. கடைசி வாரம் திருப்பாவை, ஒருத்தர் பாசுரத்துக்கு அர்த்தம் சொல்வார், ஒருத்தர் பாடுவார். பொங்கல ஒட்டி ஒண்ணும் வைக்கல, நந்தனத்துல புத்தகக் காட்சி நடக்கறப்போ நம்ம கூட்டம் பூரா அங்கதான் சுத்திட்டிருக்கும். தை கடைசில ஒரு நாள் கானா, ஒரு நாள் நாகஸ்வரம்.

ரெண்டு கேள்வி. மைக் வைக்கணுமா? பாட்டையும் இலக்கியத்தையும் ஒரே சாயங்காலத்துல கலந்து வச்சா உக்காருவீங்களா? காசு விஷயம் அப்புறம் பேசலாம்.

ரெண்டுகட்டை:
வீணைக்கு மைக் வேணவே வேணாம். கமகம் (சுரத்த அசைச்சு வாசிக்கறது) இழுக்கும்போது மெட்டு (தந்திக்கு கீழ இருக்கற குறுக்குக் கம்பி) மேல தந்தி தேயற சத்தம் இருக்கு பாருங்க, அது கிட்ட உக்காந்தாதான் காதுல விழும், கான்டாக்ட் மைக் ஒட்டின உடனே அது போயிடும், எல்லா வீணையும் ஒரே வீணையா ஆயிடும். மியூசிக் அகாடமி மாதிரி ஆயிரம் பேருக்கு மேல உக்கார்ற ஹால்ல வேற வழியில்ல, ஒத்துக்கறேன். அறுவது நாற்காலிக்கு எதுக்குங்க?

நம்ம ஊர் கச்சேரிக்கு மைக் வந்து பரவினதே 1930கள்லதான். அதுக்கு முன்னாடி நாடகக் கொட்டகைல கிட்டப்பா மாதிரி ஆளுங்க ஆம்பளக் குரல்லயே அஞ்சு கட்டைக்கு மேல (கட்டைன்னா சுருதியோட ஒசரம்) பாடித்தான் கடைசி பெஞ்சு வரைக்கும் கொண்டு போனாங்க. மைக் வந்தப்புறம் சுருதி எறங்கி ஒண்ணு, ஒண்ணரைன்னு ஆச்சு, அதுல நல்லதும் நடந்துச்சு, மெல்லிசா பாடறவங்களுக்கும் மேடை கெடச்சுது, இல்லன்னு சொல்லல. ஆனா சின்ன எடத்துக்குன்னு ஒரு சௌகரியம் இருக்கறப்போ அத விட்டுட்டு பெரிய சபாவ காப்பி அடிக்கறது ஏன்னு எனக்கு புரியல.

ஒரே சிக்கல், உங்க மாடி மூணு பக்கம் தொறந்தது. தொறந்த வெளில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் விழும். அதனால மேடைய டேங்க் சுவர் பக்கமா வச்சு, சுவர்ல பேனரு, வெல்வெட் துணி எதுவும் தொங்க விடாம வெறுமனே விடுங்க, சத்தம் பட்டு முன்னாடி வரும். நாற்காலிய நீளமா பன்னெண்டு வரிசை போடாதீங்க, அரை வட்டமா நாலு வரிசை போதும்.

கடைசிவரிசை:
மைக் இல்லைங்கறது பேச்சாளருக்கும் சேத்துதானே? அத மட்டும் எழுத்துல குடுங்க, நான் ரெண்டு மாசமும் வரேன் 😂

மாம்பலம்காரன்:
@கடைசிவரிசை பேச்சாளருக்கு மைக் இல்லன்னா இன்னும் கிட்ட வந்து பேசுவாரு, பரவால்லயா?

தொப்பி:
மிருதங்கம் வாசிக்கறவன்ங்கற முறைல ஒரு வார்த்தை. வீணைக்கு மைக் இல்லாம பக்கத்துல உக்காந்து வாசிக்கறது எல்லாராலயும் ஆகாது. இப்போ இருக்கற பசங்க (என்னையும் சேத்து) மைக்குக்கு வாசிச்சு பழகினவங்க, ஒரு சாப்பு போட்டா வீணை முங்கிடும். விரல்ல வாசிக்கணும், தொப்பிய (எடது பக்கத் தோல) தடவித்தான் விடணும், அனுபல்லவில எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சிருக்கணும். ஆள் எடுக்கும்போதே மைக் கெடையாதுன்னு சொல்லிடுங்க, வந்து உக்காந்தப்புறம் சொன்னா மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

அப்புறம் மார்கழி சாயங்காலம், மொட்டைமாடி, பனி. ஈரக்காத்துல தோலு தளர்ந்து சுருதி எறங்கிட்டே இருக்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல கல்ல எடுத்து தட்டிக்கிட்டே இருப்போம், அத கேட்டு ஆடியன்ஸ் முகம் சுளிக்கக் கூடாது. ஷீட்டுக்கு உள்பக்கமா மேடை இருந்தா கொஞ்சம் தேவலாம்.

ஃபேன் பத்தி யாருமே பேசல? மைக் இல்லாத கச்சேரில பெரிய வில்லன் ஃபேன்தான். தம்புரா சுருதிய முழுசா தின்னுடும்.

பவழமல்லி:
ஃபேன நிறுத்தினா கொசு. கொசுவத்தி வச்சா பாடறவங்களுக்கு தொண்ட கட்டும். ஆறு மணிக்கு முன்னாடியே புகை போட்டு முடிச்சுட்டு ஆரம்பிங்க, ஆடியன்ஸுக்கு கைல தடவிக்கற க்ரீம் வாசல்ல வைங்க, எங்க அபார்ட்மெண்ட் கொலுவுக்கு அப்படித்தான் செஞ்சோம், நல்லாவே வேல செஞ்சுது.

எனக்கு இதவிட வேற கேள்வி. மூணு மாடி, லிஃப்ட் இல்ல. கச்சேரிக்கு வர்றதுல பாதிப் பேர் முட்டி வலிக்காரங்க. ரெண்டாவது மாடி திருப்பத்துல ரெண்டு நாற்காலி போடுங்க, உக்காந்து மூச்சு வாங்கிட்டு ஏறட்டும். மேல பாத்ரூம் இருக்கா, அதுக்கு தாழ்ப்பாள் இருக்கா, லைட் எரியுமா? சிரிக்காதீங்க, பொம்பளைங்க கூட்டத்துக்கு வராததுக்கு இலக்கியம் பிடிக்காததுதான் காரணம்னு நெனச்சுட்டிருக்கற ஆளுங்க இருக்காங்க. எட்டரைக்குள்ள முடிச்சுடுங்க, மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் பிடிக்கணும்.

மாம்பலம்காரன்:
@பவழமல்லி தாழ்ப்பாள் இல்ல, இந்த வாரமே போட்டுடறோம். நாற்காலி நல்ல ஐடியாக்கா.

நெல்லைச்சீமை:
பாட்டும் இலக்கியமும் கலக்கலாமான்னு கேட்டிருக்கீய. இது என்ன புதுசா? எங்க ஊர்ல ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) வீட்டு வட்டத்தொட்டில கூடுனவங்க அதத்தான செஞ்சாங்க. வீட்டு நடுவுல வட்டமா ஒரு தொட்டிக்கட்டு, அதச் சுத்தி உக்காந்து கம்பன் பாட்டு ஒண்ண எடுத்து ஒரு வரிய ரெண்டு தரம் மூணு தரம் சொல்லி ருசிப்பாங்களாம், அந்த வட்டத்துல சங்கீதமும் உண்டு. அவரே பெறகு தமிழிசைக்கு குரல் குடுத்தவருல்லா. மேடையும் இல்ல, தலைமையுரையும் இல்ல. மேல அரைவட்டம்னு ஒருத்தர் சொன்னாரே, அதையே கொஞ்சம் வளச்சு முழுவட்டமா போட்டுட்டா நம்மளும் வட்டத்தொட்டி ஆயிடலாம்லா.

ஆனா ஒண்ணு, கலக்கறதுன்னா நாப்பது நிமிஷம் பேச்சு, பெறகு ஒரு மணி நேரம் பாட்டுன்னு ரெண்டு துண்டா ஒட்டக் கூடாது. பேச்சுக்கு வந்தவன் காபி குடிக்க எந்திரிச்சவன் அப்படியே படியெறங்கி போயிருவான், பாட்டுக்கு வந்தவன் லேட்டா வருவான். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கணும்.

கடைசிவரிசை:
இலக்கியக் கூட்டம்னா எனக்கு தெரிஞ்சது வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை மூணு, ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை. மேடைல எட்டு பேரு, கீழ ஆறு பேரு, அந்த ஆறுல ரெண்டு பேரு மேடைல இருக்கறவரோட காருக்கு டிரைவர். பொன்னாடை போத்தறதுக்கே கால் மணி நேரம். நோட்டீஸ்ல "சரியாக மாலை 5 மணிக்கு"ன்னு இருந்தா ஆறேகாலுக்கு மைக் டெஸ்டிங் ஆரம்பிக்கும். புத்தகத்த பத்தி பேச வந்தவர் புத்தகத்த நேத்து ராத்திரிதான் கைல வாங்கினேன்னு ஆரம்பிப்பார். இதோட பாட்ட வேற கலந்தா நைட்டு அங்கயே படுத்துக்க வேண்டியதுதான்.

மாம்பலம்காரன்:
பொன்னாடை இல்ல, சிறப்பு விருந்தினர் இல்ல, வாழ்த்துரை இல்ல. இது முடிவான விஷயம், மாடி ஓனரோட கண்டிஷனும் இதான். அஞ்சே முக்காலுக்கு கதவ தொறப்போம், ஆறுக்கு ஆரம்பம், எட்டேகாலுக்கு முடிவு. கதை வாசிக்கறவரு அவரே எழுந்து கதைப் பேர சொல்லிட்டு படிக்க ஆரம்பிச்சுடுவாரு.

கேணி_ரசிகன்:
கே.கே. நகர்ல எழுத்தாளர் ஞாநி சார் வீட்டு கொல்லைல நடந்த கேணி கூட்டம் யாருக்காவது ஞாபகம் இருக்கா? 2009ல ஆரம்பிச்சாங்க, மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, கெணத்தடில ஒரு எழுத்தாளர் உக்காந்து பேசுவாரு, நாம மரத்தடில உக்காந்து கேள்வி கேக்கலாம். சினிமாக்காரங்க கூட வந்திருக்காங்க, அவங்களுக்கும் அதே நாற்காலிதான். இப்போ கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ்ல, மயிலாப்பூர் கவிக்கோ மன்றத்துலன்னு நெறய கூட்டம் நடக்குது, போறேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா மேடை ஒசரமானா கேள்வி கேக்கறவன் குரல் எறங்கிடுது. உங்க மாடில மேடையே வேணாம்னு சொல்வேன், ஒரு பாய் போதும்.

தொப்பி:
@கேணி_ரசிகன் சம்மணம் போட்டு உக்காந்து வாசிக்கற எங்கள பாய்ல உக்கார வச்சுட்டு நீங்க நாற்காலில உக்காந்தா நீங்க பாக்கறது எங்க உச்சந்தலைய மட்டும்தான். வாசிக்கற கை தெரியவேணாமா? வீணைக்கு அது இன்னும் முக்கியம். ஒரு ஒன்றரை அடி ஒசரம் வேணும்.

ஓலைக்கட்டு:
ஒன்றரை அடின்னு சொன்னதும் சிலப்பதிகாரம் ஞாபகம் வந்துடுச்சு. அரங்கேற்று காதைல மாதவி ஆடற மேடைக்கு அளவே குடுத்திருக்கார் இளங்கோ. ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் ஒசரம், மேடைப் பலகைக்கும் மேல் பலகைக்கும் நடுவுல நாலு கோல். ஒரு கோலுக்கு இருபத்து நாலு விரல். இருபத்து நாலு விரல் ஒரு முழம்னு எடுத்துக்கிட்டா ஒன்றரை அடி, அப்போ மேடை பத்தரை அடிக்கு பன்னெண்டடி, ஒசரம் சரியா தொப்பி கேட்ட அதே ஒன்றரை அடி! எந்த விரலுங்கறதுல கணக்கு கொஞ்சம் முன்னபின்ன போகும், ஆனா நாகஸ்வரம் தவிர உங்க லிஸ்ட்ல இருக்கற எல்லாத்துக்கும் இந்த அளவு தாராளம். உள்ள வர ஒரு வாசல், வெளிய போக ஒரு வாசல்னு ரெண்டும் உண்டு. தூணோட நெழல் மேடைல விழாதபடி வெளக்க வைக்கணும்னு கூட சொல்லியிருக்கு. நம்ம ஊர் பாதி மேடைல இன்னிக்கும் டியூப்லைட்ட பாடறவங்க மூஞ்சிக்கு நேரா கட்டி கண்ண கூச வைக்கறாங்க.

இன்னொண்ணு, பாட்டும் இலக்கியமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கணும்னு நெல்லைக்காரர் சொன்னதுக்கு பதிலும் இதுலயே இருக்கு. கானல்வரி, ஆய்ச்சியர் குரவை. ஒருத்தர் படிக்க, ஒருத்தர் பாட, எங்க நூல் முடியுது எங்க பாட்டு ஆரம்பிக்குதுன்னே தெரியாது. திருப்பாவைக்கு பதிலா இல்ல, கூடவே வைங்களேன்.

ரெண்டுகட்டை:
@ஓலைக்கட்டு சூப்பர். திருப்பாவைய ஏன் விடணும்? முப்பது பாசுரத்தையும் ராகம் போட்டு கச்சேரிக்கு கொண்டு வந்தது அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வர்ணத்துல ஆரம்பிச்சு சின்னச் சின்ன கீர்த்தனை, நடுவுல பெரிசா ஒண்ணு, பல்லவி, கடைசில துக்கடான்னு இன்னிக்கு நாம பாக்கற கச்சேரி ஆர்டரே அவர் ஒழுங்கு பண்ணினதுதான்னு எல்லாரும் சொல்வாங்க. ரெண்டேகால் மணி நேரத்துல அந்த முழு ஆர்டரையும் திணிக்காதீங்கன்னுதான் கேட்டுக்கறேன். வீணைக்கு மூணு ராகம் போதும். ஒண்ண நிதானமா, அரை மணிக்கு மேல, யாரும் கடிகாரம் பாக்காம வாசிக்கட்டும். பெரிய சபால சாயங்கால ஸ்லாட்டு கெடைக்காத சின்னப் பசங்க மத்தியானம் ஒண்ணேகால் மணி நேரத்துல பத்து பாட்டு பாடி மூச்சு வாங்கறத பாத்து பாத்து அலுத்துப் போச்சு.

நடைபாதை:
கானாவ ஏன் தை கடைசிக்கு தள்ளிட்டீங்க? மார்கழின்னா வீணை, திருப்பாவை, அதெல்லாம் முடிஞ்சு ஊர் காலியானப்புறம் கானாவா? 2020ல இருந்து "மார்கழியில் மக்களிசை"ன்னு பறை, கானா, நாட்டுப்புறப் பாட்டு எல்லாத்தையும் இதே மாசத்துல மேடையேத்தறாங்க, கூட்டம் அள்ளுது. பக்கத்துத் தெருவுல சாவு வீட்டுல விடிய விடிய பாடற ஆள மாம்பலம் மாடி மார்கழில கூப்பிட கை கூசுதா?

மாம்பலம்காரன்:
@நடைபாதை கூசல. பாட வர்றவரு டிசம்பர் பூரா வேற நிகழ்ச்சிகள்ல இருக்காரு, அவர் குடுத்த தேதிதான் அது. ஆனா நீங்க சொல்றது நோட்டீஸ பாக்கறவனுக்கும் தோணும், அதுவும் நெசம். பாரதி நாள் அன்னிக்கு கவிதைக்கு நடுவுல பாட்டுன்னு போட்டிருக்கோம்ல, அன்னிக்கு ஒரு கானா பாட்டுக்காரரும் ஒரு கர்நாடக சங்கீதக்காரரும் சேந்து வந்தா எப்படி? ஒரே கவிதைய ரெண்டு பேரும் அவங்கவங்க மெட்டுல.

நடைபாதை:
அது நல்லாருக்கும். கானாக்காரருக்கு கடைசில அஞ்சு நிமிஷம் ஒதுக்கி "வெரைட்டி"ங்கற மாதிரி பண்ணாம இருந்தா நான் ஆள் புடிச்சு தரேன். தபேலா, டேப்பு ரெண்டு போதும். சம்பளம் ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கணும்.

சட்டப்பையன்:
காப்பிரைட் பத்தி யாரும் கவலைப்பட்ட மாதிரி தெரியல, நான் படறேன். பாரதி பிரச்சன இல்ல, அந்த உரிமைய 1949ல அரசாங்கம் வாங்கி அப்புறம் பொதுவாக்கிடுச்சு. தியாகராஜர் காலமானது 1847, தீட்சிதர் 1835, சொல்லவே வேணாம். சிறுகதைலதான் ஜாக்கிரதையா இருக்கணும். நம்ம சட்டப்படி எழுதினவர் காலத்துக்குப் பிறகு 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு. புதுமைப்பித்தன் 1948ல போயிட்டாரு, அது எப்பவோ முடிஞ்சுது. நடுவுல உள்ளவங்களுக்கு நாட்டுடைமை ஆச்சான்னு பாக்கணும், ஆகலன்னா குடும்பத்துக்கிட்ட இல்ல பதிப்பகத்துக்கிட்ட ஒரு கடுதாசி. உயிரோட இருக்கறவங்கன்னா கேட்டாலே சந்தோஷமா சரிம்பாங்க, கேக்காம செஞ்சாதான் வருத்தப்படுவாங்க. ஒரு கதைலேர்ந்து கொஞ்சம் பகுதி பொதுவுல படிக்கறதுக்கு சட்டத்துலயே எடம் உண்டு, முழுக் கதை அதுல வராது. அமெச்சூர் சங்கம் காசு வாங்காம நடத்தினா ஒரு விலக்கு இருக்கு, டிக்கெட் போட்டா அது போச்சு.

மைக் விஷயத்துல ஒரு சட்டக் காரணமும் சொல்றேன். ஒலிபெருக்கி வைக்கணும்னா எழுத்துல அனுமதி வாங்கணும், குடியிருப்புப் பகுதில பகல் வரம்பு 55 டெசிபல், ராத்திரி பத்துக்கு மேல 45. பத்து மணிலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் தொறந்த எடத்துல மைக்கு மட்டும் இல்ல, வாத்தியமும் கூடாதுன்னு விதில இருக்கு. மைக் இல்லாம எட்டேகாலுக்கு முடிச்சா உங்களுக்கு பாதி தலைவலி இல்ல.

தொப்பி:
அப்போ நாகஸ்வரம்? மைக்கே இல்லன்னாலும் 55லாம் அதுக்கு ஆரம்பமே இல்ல 😄

மாம்பலம்காரன்:
அதான் எனக்கும் பயம். எதிர் வீட்டுல கைக்குழந்தை வேற இருக்கு.

ரெண்டுகட்டை:
நாகஸ்வரத்த தகர ஷீட்டுக்கு கீழ வைக்காதீங்க, தவிலோட சேந்து அதிரும், யாருக்கும் ஒண்ணும் புரியாது. அது வெளிய, கோபுரத்தடில, வீதில வாசிக்கறதுக்கு பொறந்த வாத்தியம். ஷீட்டு இல்லாத பக்கம் வானம் பாக்க உக்கார வைங்க. பாரி நாகஸ்வரமா இருக்கட்டும், திமிரி வேணாம். திமிரி குட்டை, சுருதி ஒசரம், காத கிழிக்கும். இந்த நீளப் பாரிய நரசிங்கம்பேட்டைல ரங்கநாதன் ஆசாரிய வச்சு செஞ்சு பரப்பினது டி.என். ராஜரத்தினம் பிள்ளை. 2022ல அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு புவிசார் குறியீடு கெடச்சுது. கூட ரெண்டு தவில் இல்லாம ஒரு தவில் போதும். நேரத்த காலைக்கு மாத்துங்க, தை ஞாயிறு ஏழரைக்கு. அந்த நேரத்துல நாகஸ்வரம் கேட்டா தெருவுல யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க, கல்யாணம்னு நெனச்சு டிபன் கேட்டு மேல வருவாங்க.

பவழமல்லி:
காலைங்கறது அருமை. டிபன் நெஜமாவே போடுங்க, இட்லி போதும். எதிர் வீட்டுக்கு நீங்களே நேர்ல போய் ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடுங்க, மெசேஜ் அனுப்பிட்டு சொல்லியாச்சுன்னு இருக்காதீங்க. அவங்களையும் கூப்பிடுங்க.

வடபழனி_பஸ்:
நுழைவு எவ்ளோ? ஃப்ரீயா?

மாம்பலம்காரன்:
இதான் கடைசியா வச்சிருந்த கேள்வி. ஃப்ரீயா விட்டா வாசிக்கறவங்களுக்கு என்ன குடுக்கறது? டிக்கெட் போட்டா யாரு மூணு மாடி ஏறுவா? 500 ரூபா வரைக்கும் கச்சேரி நுழைவுக்கு ஜி.எஸ்.டி. கெடையாது, அதனால வரி ஒரு பிரச்சன இல்ல, 150 போடலாம்னு ஒரு யோசனை. ஆனா சட்டப்பையன் சொன்ன விலக்கு கதை வாசிப்புல போயிடும். இப்போதைக்கு நெனச்சிருக்கறது, கதை நாள் எல்லாருக்கும் இலவசம், பாட்டு நாள் 150, மாணவர்களுக்கு 50, இல்லாதவங்க சும்மா வரலாம், கேக்க மாட்டோம். வசூல்ல நாற்காலி வாடகையும் காபியும் போக மிச்சம் மொத்தமும் கலைஞர்களுக்கு, எண்ணி அங்கயே குடுத்துடறது.

தொப்பி:
குடுக்கற எடத்துக்கு ஒரு கும்பிடு. சீசன்ல பாடறதுக்கு வாய்ப்பு வேணும்னா ஸ்பான்சர் புடிச்சுட்டு வா, இத்தன டிக்கெட் நீயே வித்துக் குடுன்னு கேக்கற எடமெல்லாம் எங்க வயசு ஆளுங்களுக்கு நல்லா தெரியும். சபா பேரெல்லாம் வேணாம். காசு கம்மியா இருந்தாலும் பரவால்ல, கவர குடுக்கறப்போ "நாங்க உங்களுக்கு மேடை குடுத்தோம்"ங்கற டயலாக் இல்லாம குடுத்தா சந்தோஷம்.

கடைசிவரிசை:
யுனெஸ்கோ 2017ல சென்னைய இசை நகரம்னு லிஸ்ட்ல சேத்துக்கிச்சு. அந்த நகரத்துல பாடறவன் பாடறதுக்கு கைக்காசு போடறான். 150 கம்மி, 200 போடுங்க, நான் தரேன். காபி நல்லா இருக்கணும், அத மட்டும் சொல்லிட்டேன்.

நெல்லைச்சீமை:
உண்டியல் வைக்கப்படாதா? டிக்கெட் கிழிக்க வாசல்ல ஒரு ஆளு நின்னாலே வர்றவனுக்கு ஒரு தயக்கம் வந்துரும்.

பவழமல்லி:
உண்டியல்னா வசதியா இருக்கறவங்க பத்து ரூபா போடுவாங்க, வேலை தேடிட்டிருக்கற பையன் நூறு ரூபா போடுவான். நான் பாத்திருக்கேன். 150ன்னு எழுதி வைங்க, இல்லாதவங்க சும்மா வரலாம்னு அதே சைஸ் எழுத்துல எழுதுங்க.

பெங்களூர்_தமிழன்:
வெளியூர்ல இருக்கறவங்களுக்கு லைவ் போடுவீங்களா? கதை வாசிப்பு மட்டுமாவது?

மாம்பலம்காரன்:
போடல அண்ணா. மைக்கே இல்லாத எடத்துல போன வச்சு எடுத்தா வர்றது ஷீட்டு மேல காக்கா நடக்கற சத்தமாத்தான் இருக்கும்.

சட்டப்பையன்:
ஆடியன்ஸும் ரெக்கார்ட் பண்ணக் கூடாதுன்னு வாசல்லயே எழுதிடுங்க. பாடறவங்களுக்கு தன்னோட நிகழ்ச்சி மேல சட்டப்படி உரிமை உண்டு, அவங்க சம்மதம் இல்லாம எடுத்து யூட்யூப்ல ஏத்தறது தப்பு. படிக்கற எழுத்தாளருக்கும் அதேதான், பாதி பேரு அச்சுல வராத கதைய இங்க படிச்சுப் பாப்பாங்க.

பெங்களூர்_தமிழன்:
நியாயம். அப்போ திருப்பாவை நாளுக்கு நானே வரேன், சனிக்கிழமை காலை ரயில்ல ஏறினா சாயங்காலத்துக்கு வந்துடலாம்.

கேணி_ரசிகன்:
கதை வாசிப்புக்கு ஒரு விண்ணப்பம். படிக்கறவங்க ஒரு வாட்டியாவது வீட்டுல சத்தமா படிச்சுப் பாத்துட்டு வரட்டும். கண்ணால படிக்கறப்போ பதினஞ்சு நிமிஷக் கதை வாயால படிச்சா நாப்பது நிமிஷம் ஆகும், பாதிக்கு மேல மூச்சு முட்டி வேகமா ஓட்டுவாங்க. வட்டார வழக்குல இருக்கற கதைய அந்த ஊர்க்காரங்களையே படிக்க வைங்க. நெல்லைச்சீமை சார் எங்க இருக்கார்?

நெல்லைச்சீமை:
அசோக் நகர்லதான் இருக்கேன். கரிசக்காட்டுக் கதைன்னா கூப்பிடுங்க, அது எங்களுக்கு பக்கத்து வீடுதான். கொங்குக் கதையெல்லாம் நான் படிச்சா கோயம்புத்தூர்க்காரன் அடிக்க வருவான்.

தொப்பி:
மழை வந்தா? டிசம்பர் நடுவுல ஒரு காத்தழுத்தம் வந்தா போச்சு. தகர ஷீட்டுல மழை பெய்யும்போது மைக் இல்லாத வீணை, கேக்கவே வேணாம். 2023 டிசம்பர் மொத வாரத்துல மிக்ஜாம் வந்தப்போ மாம்பலம் சப்வே பக்கம் போக முடிஞ்சுதா?

மாம்பலம்காரன்:
மழைன்னா கீழ ஓனர் வீட்டு ஹால். முப்பத்தஞ்சு பேருக்கு மேல புடிக்காது, முன்கூட்டி பேர் குடுத்தவங்களுக்கு முதல் எடம். தண்ணி தேங்கற அளவுக்கு போனா அடுத்த சனிக்கு தள்ளி வைப்போம், மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள வாட்ஸ்அப்ல சொல்லிடுவோம்.

சரி, இதுவரைக்கும் வந்தத வச்சு மாத்தினது: மைக் எந்த நாளும் கெடையாது, பாரதி நாள் உட்பட. மேடை பத்தரைக்கு பன்னெண்டு, ஒசரம் ஒன்றரை, ஆசாரிகிட்ட சொல்லியாச்சு (இளங்கோ சொன்னதுன்னு சொன்னேன், எந்த தெரு இளங்கோன்னு கேட்டாரு). டேங்க் சுவர்ல ஒண்ணும் தொங்காது. ஃபேன் பாட்டு நேரத்துல ஆஃப், இடைவேளைல ஆன். பாரதி நாள்ல கானாவும் கர்நாடகமும் சேந்து, சம்பளம் ஒரே அளவு, நடைபாதை ஆள் பேசித் தர்றாரு. தை கடைசி கானா நிகழ்ச்சி அப்படியே இருக்கு. நாகஸ்வரம் ஞாயித்துக்கிழமை காலைல, ஒரு தவில், இட்லி. கானல்வரிய மார்கழிக்குள்ள நுழைக்க முடியல, மாசிக்கு வச்சுக்கலாம், ஓலைக்கட்டு படிக்க வருவீங்களா?

ஓலைக்கட்டு:
வரேன். பாடறவங்கள இப்பவே சொல்லிடுங்க, நாலஞ்சு தடவ சேந்து உக்காந்து பாக்காம மேடை ஏற மாட்டேன்.

ரெண்டுகட்டை:
சம்மதம் எல்லாத்துக்கும், ஒண்ணு தவிர. இடைவேளைய வீணைக்கு நடுவுல வைக்காதீங்க. காபிய முன்னாடியே குடுத்துடுங்க.

கடைசிவரிசை:
காபி முன்னாடின்னா அஞ்சே முக்காலுக்கா? அப்போ நான் அஞ்சரைக்கே வந்துடறேன்.

வடபழனி_பஸ்:
பேர் எங்க குடுக்கணும்? பைக் நிறுத்த எடம் இருக்கா? ஒம்பது வயசுப் பொண்ணு வீணை கத்துக்கறா, கூட்டிட்டு வரலாமா?

மாம்பலம்காரன்:
இங்கயே போட்டா போதும், ரெண்டு எடம் எழுதிக்கிட்டேன். பைக் எதிர் பக்கம் வரிசையா விடுங்க, கேட்ட அடைக்காம. பொண்ண கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, ஜமக்காளத்துல மொத வரிசை, வாசிக்கறவங்க எடது கை நேரா தெரியற பக்கம் உக்கார வச்சுடலாம்.